உடலின் காப்பு நிதி

ஆண்டு இறுதியில் இலாபம் கண்ட கூட்டுறவுச் சங்கம் எதுவும் அவ்விலாபம் முழுவதையும் பங்கு ஈவாக வழங்கிவிடுவதில்லை. ஒரு பகுதியைக் காப்பு நிதியில் சேர்த்த பின்னரே எஞ்சியதைப் பங்கிடுவது வழக்கம். நூல் விலை ஏறினாலும் பருவமழை பொய்த்தாலும் அந்நிதி உள்ள சங்கம் உடனே நிலைகுலைவதில்லை. ஆயினும் அதில் ஓர் இடரும் மறைந்து கிடக்கிறது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நட்டமடைந்து வரும் சங்கமும், காப்பு நிதி கரையும் வரை புறத்தே செழிப்பாகவே தோன்றும். கூலி தவறாமல் கிடைக்கும், அலுவலகம் திறந்திருக்கும். பேரேட்டைப் புரட்டிப் பார்ப்பவர்க்கே உண்மை புலப்படும்.

மனித உடலின் அமைப்பையும் இயக்கத்தையும் ஆராய்ந்தோர் கண்டதும் ஏறக்குறைய இதுவே. நம் உறுப்புகளுட் பல, அன்றாடத் தேவைக்கு மிஞ்சிய ஆற்றலுடன் அமைந்துள்ளன. அந்த மிகுதி நம்மை நோயிலும் முதுமையிலும் காக்கிறது; அதுவே நமது நட்டத்தை நம் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தும் விடுகிறது. உடலையே முதலாகக் கொண்டு தறியிலும் வயலிலும் உழைக்கும் நம் உறுப்பினர்கள் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

நின்ற தறியும் ஓடும் தறியும்

உடலைப் பற்றிய கல்வி இரு பிரிவுகளாக நடைபெறுகிறது. தறி நின்றிருக்கும்போது அச்சு எங்கே இருக்கிறது, விழுது எங்கே தொங்குகிறது, மிதிகட்டை எதனோடு பிணைக்கப்பட்டுள்ளது என்று பார்ப்பது ஒரு வகை. தறி ஓடும்போது, மிதியை அழுத்தினால் பாவு எவ்வாறு விரிகிறது, நாடா எவ்வாறு பாய்கிறது என்று பார்ப்பது மற்றொரு வகை. முன்னதைப் போன்றது உடற்கூற்றியல். பின்னதைப் போன்றது உடலியங்கியல்.

உடற்கூற்றியலைப் புதிய வழியில் திருப்பியவர் வெசாலியஸ் என்னும் அறிஞர். இத்தாலி நாட்டுப் பதுவா நகரப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக விளங்கிய அவர், 1543-ஆம் ஆண்டில், தமது 28-ஆம் வயதில், மனித உடலின் கட்டமைப்பைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். அதற்கு முன் ஏறக்குறைய 1,300 ஆண்டுகள் ஐரோப்பிய மருத்துவர்கள் காலென் என்பாரின் கூற்றுகளையே வேதவாக்காகக் கொண்டிருந்தனர். காலெனோ குரங்கு, பன்றி முதலிய விலங்குகளை அறுத்தறிந்தே பெரும்பாலும் எழுதியவர். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று அவர் கூறியிருந்தார். வெசாலியஸ் மனித உடலையே அறுத்துப் பார்த்து, அஃது ஒரே எலும்பு என்று காட்டினார். ஏட்டில் இருப்பதை நம்பியிராமல் சரக்கை நேரில் எண்ணிப் பார்த்ததே அவர் செய்த பெரும்பணி.

அவருக்குப் பின் வந்த பிரெஞ்சு மருத்துவர் பிஷா, 1801-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், உறுப்புகள் யாவும் இருபத்தொரு வகைப் பொருள்களால் ஆனவை என்று பகுத்துரைத்தார். அப்பொருள்களைக் குறிக்க அவர் கையாண்ட பிரெஞ்சுச் சொல்லின் பொருள் ‘நெய்யப்பட்டது’ என்பதாகும். அதிலிருந்து வந்ததே நாம் ‘திசு’ என்று வழங்கும் சொல். தமிழில் அதனையே ‘இழையம்’ என்கிறோம். நெசவாளர் தொழிலிலிருந்து மருத்துவ நூல் கடன் வாங்கிய சொல் இது. இன்று இழையங்களை நான்கு பெரும் பிரிவுகளில் அடக்குவர்: உடலின் புறத்தையும் உட்குழாய்களையும் போர்த்தும் மேலிழையம், உறுப்புகளைப் பிணைக்கும் இணைப்பிழையம், தசையிழையம், நரம்பிழையம் என்பன அவை.

மீண்டும் நெய்யப்படும் இழைகள்

அறுந்த இழையை முடிச்சிட்டு இணைத்து நெசவைத் தொடர்வது நாம் நாள்தோறும் செய்வது. உடலும் இதனைச் செய்கிறது. தோலின் மேற்படை ஏறக்குறைய ஒரு மாதத்தில் முற்றிலும் புதிதாகிறது. குடலின் உட்பூச்சு மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் மாறிவிடுகிறது. இரத்தத்திலுள்ள சிவப்பணு ஒவ்வொன்றின் ஆயுள் சுமார் 120 நாட்கள். அழிவனவற்றிற்கு ஈடாக எலும்பு மச்சை நொடிக்குச் சுமார் 20 லட்சம் புதிய அணுக்களை உண்டாக்கிய வண்ணம் இருக்கிறது. ஈரலின் வல்லமை இன்னும் வியப்புக்குரியது. நலமான ஈரலில் மூன்றில் இரு பங்கை அறுத்து எடுத்துவிட்டாலும், எஞ்சியது சில மாதங்களுக்குள் முன்னைய அளவை ஏறக்குறைய எட்டிவிடும்.

ஆனால் எல்லா இழையங்களும் இப்படிப்பட்டவை அல்ல. மூளையின் நரம்பணுக்களும் இருதயத் தசையும் ஒருமுறை அழிந்தால் மிகச் சொற்ப அளவே புதுப்பிக்கப்படுகின்றன. புகையாலும் தூசியாலும் சிதைந்த நுரையீரல் நுண்ணறைகளின் சுவர் திரும்பக் கட்டப்படுவதில்லை. சிறுநீரகத்தின் வடிகட்டும் நுண்குழல்களாகிய நெஃப்ரான்களோ, நாம் தாயின் வயிற்றில் இருந்த காலத்தில் உண்டானவையே. பிறந்த பின் ஒன்றேனும் புதிதாக உண்டாவதில்லை. இத்தகைய உறுப்புகளுக்கு இயற்கை வேறொரு வழியைச் செய்திருக்கிறது. புதுப்பிக்க முடியாதவற்றைத் தேவைக்கு மிகுதியாகவே கொடுத்து வைத்திருக்கிறது. நாம் காப்பு நிதி என்று கூறியது இதனையே.

சிறுநீரகத்தின் கணக்கு

விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியை ஒட்டி, முதுகுப் பக்கமாக, முதுகெலும்பின் இருபுறமும் சிறுநீரகங்கள் அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் ஒரு கைமுட்டி அளவினது. எடை சுமார் 150 கிராம். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. இருதயம் வெளியே தள்ளும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவ்விரு சிற்றுறுப்புகளுக்கே செல்கிறது. நாள் ஒன்றுக்கு 180 லிட்டர் நீர்மம் இங்கே வடிகட்டப்படுகிறது. நம் இரத்தத்திலுள்ள நீர்மப் பகுதி சுமார் மூன்று லிட்டரே. ஆகவே அதே நீர்மம் நாளொன்றுக்கு அறுபது தடவை இக்குழல்களுள் புகுந்து வெளிவருகிறது எனலாம். வடிந்ததில் வேண்டிய நீரும் உப்பும் சர்க்கரையும் திரும்ப இரத்தத்தில் சேர்க்கப்படுகின்றன. கழிவு மட்டும் ஒன்றரை லிட்டர் அளவு சிறுநீராக வெளியேறுகிறது.

இவ்வளவு பெரிய வேலைக்கு இரண்டு சிறுநீரகங்களும் தேவைதாமா? 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மருத்துவர் ஜோசப் மர்ரேயும் அவர்தம் குழுவினரும் இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை எடுத்து மற்றவருக்குப் பொருத்தினர். நெடுநாள் பயனளித்த முதல் மாற்றுச் சிகிச்சை அதுவே. தம் உறுப்பைத் தந்த சகோதரர் எஞ்சிய ஒன்றைக் கொண்டே 56 ஆண்டுகள் வாழ்ந்து 2010-ஆம் ஆண்டில் மறைந்தார். பாதி நிதியைக் கொண்டே உடல் குறைவின்றி நடக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இவ்வண்மையே நமக்குப் பகையாகவும் முடிகிறது. சிறுநீரகத்தின் வேலைத்திறனை அளக்க இரத்தத்தில் கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவைப் பார்ப்பர். வேலைத்திறனில் சுமார் பாதி குறையும் வரை அவ்வளவு வழக்கமான எல்லைக்குள்ளேயே நின்றுவிடக் கூடும். உடம்புக்கு அசதியும் கால் வீக்கமும் பசியின்மையும் தோன்றுவதற்குள் பலருக்கு முக்கால் பங்கும் போய்விட்டிருக்கும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ‘நேற்றுவரை கல்லுப் போல இருந்தாரே!’ என்று உற்றார் வியக்கும் நோய்களுள் இதுவும் ஒன்று.

பயிரிடுவோர் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் நெல் பயிரிடும் உழவர்களிடையே 1990-களில் இருந்து நாட்பட்ட சிறுநீரக நோய் பரவலாகக் காணப்பட்டு வருகிறது. நீரிழிவோ உயர்ந்த இரத்த அழுத்தமோ இல்லாதவர்க்கும் அது வருகிறது. ஆந்திர மாநிலத்து உத்தானம் வட்டாரத்திலும், மத்திய அமெரிக்காவின் நிகராகுவா, எல் சால்வடோர் நாடுகளில் கரும்பு வெட்டும் தொழிலாளரிடத்தும் இத்தகைய நோய் உண்டு. கரும்பு வெட்டுவோரை ஆராய்ந்தவர்கள், கொளுத்தும் வெயிலில் போதிய நீரின்றிக் கடுமையாக உழைப்பது முதன்மையான காரணங்களுள் ஒன்று எனக் கருதுகின்றனர். அங்குள்ள ஆலைகள் சிலவற்றில் நீர், ஓய்வு, நிழல் என்னும் மூன்றையும் வேலை ஒழுங்கின் பகுதியாகவே வகுத்திருக்கின்றனர்.

இதன் உடலியங்கியல் எளிதில் விளங்கக் கூடியது. வெயிலில் வேலை செய்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை வடியலாம். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. உடல் குளிர்கிறது, ஆனால் இரத்தத்தின் அளவு குறைகிறது. அப்போது உடல், மூளைக்கும் இருதயத்துக்கும் இரத்தத்தைக் காக்க வேண்டிச் சிறுநீரகத்துக்குச் செல்வதைச் சுருக்குகிறது. அந்நிலையிலும் சிறுநீரகம் தன் நாளங்களை விரித்து வைக்க ஒருவகை வேதிப்பொருளைச் சுரந்து தற்காத்துக் கொள்கிறது. இடுப்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் கடையில் நாமாக வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் அப்பொருள் சுரப்பதையே தடுத்துவிடுகின்றன. நீர் வற்றிய உடலில் இம்மாத்திரையும் சேரும்போது சிறுநீரகத்துக்கு இரட்டை அடி விழுகிறது. குழித்தறியில் நாள் முழுதும் அமர்ந்து, இடையில் எழ நேருமே என்று தண்ணீர் அருந்தாமலே இருந்து, மாலையில் முதுகு வலிக்கு மாத்திரை போடும் நெசவாளர்க்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

பதினொரு சேலை அளவு

நுரையீரலுக்குள் 30 கோடி முதல் 50 கோடி வரை நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் சுவர்கள் அனைத்தையும் விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீட்டர் பரப்பு ஆகும். ஐந்தரை மீட்டர் நீளமுள்ள சேலைகள் பதினொன்றை விரித்தால் எவ்வளவோ அவ்வளவு. இந்த மெல்லிய விரிப்பின் ஒருபுறம் காற்று, மறுபுறம் இரத்தம். ஓய்வாக இருக்கையில் நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர் ஆக்ஸிஜன் நமக்குப் போதும். கடும் உழைப்பில் அதைப் போலப் பத்து மடங்கு தேவைப்படலாம். அந்தப் பத்து மடங்குக்கு இடம் கொடுத்தே நுரையீரல் அமைந்துள்ளது. ஆதலால் அதில் ஒரு பகுதி சிதைந்தாலும், வீட்டில் அமர்ந்திருப்பவர்க்கு யாதொரு குறையும் தோன்றாது. ஏற்றம் ஏறும்போதும் மூட்டை தூக்கும்போதும்தான் மூச்சு முட்டும். ‘வயதாகிவிட்டது’ என்று நாமும் அமைதி அடைந்துவிடுகிறோம்.

தொழிலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை 1700-ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் ராமசினி தனி நூலாக எழுதினார். சணல் நாரும் ஆளி நாரும் சிக்கெடுப்போர் தூசியால் இருமி இளைப்பதை அவர் அதில் குறித்துள்ளார். பருத்தித் தூசியால் வரும் நோய்க்கு இன்று ‘பிசினோசிஸ்’ என்று பெயர். பஞ்சு அரைக்கும் இடத்திலும் நூற்பாலையில் பஞ்சைத் தட்டிச் சிக்கெடுக்கும் பகுதிகளிலும் இது மிகுதி, நெசவில் குறைவு. இதன் முதல் அறிகுறி விந்தையானது. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மட்டும் நெஞ்சு இறுகும், மறுநாள் தணிந்துவிடும். சில ஆண்டுகளுக்குப் பின் இறுக்கம் வாரம் முழுதும் நீடிக்கும். அப்பால் வேலையை விட்டாலும் போகாது. முதல் நாள் இறுக்கம் மட்டும் இருக்கும் காலத்திலேயே தூசியை விட்டு விலகினால் பெரும்பாலும் மீளலாம். அடுப்புப் புகையும் பீடி, சிகரெட்டுப் புகையும் இந்த நட்டத்தை விரைவுபடுத்துவன.

நுரையீரலின் கையிருப்பை அளக்கவும் கருவி உண்டு. லண்டன் மருத்துவர் ஹட்சின்சன் 1846-ஆம் ஆண்டில், ஒருவர் முழு மூச்சை இழுத்து ஊதினால் எவ்வளவு காற்று வெளிவரும் என்பதை அளக்கும் ஸ்பைரோமீட்டரைப் பற்றி விளக்கி எழுதினார். அதன் திருந்திய வடிவமே இன்றும் மருத்துவமனைகளில் பயன்படுகிறது.

நாட்செலவும் களஞ்சியமும்

உறுப்புகளின் ஆற்றல் மட்டுமன்றிப் பொருள்களையும் உடல் சேமித்து வைக்கிறது. இதனைத் தெளிவாக நிறுவியவர் பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் கிளாட் பெர்னார்டு. திராட்சை பயிரிடும் குடும்பத்தில் 1813-ஆம் ஆண்டில் பிறந்த அவர், உண்ட சர்க்கரையின் ஒரு பகுதியை ஈரல் ‘கிளைகோஜன்’ என்னும் மாவுப்பொருளாக மாற்றி வைத்திருந்து, வேண்டும்போது இரத்தத்துக்கு அளந்து விடுகிறது என்று கண்டார். ஈரலில் உள்ள இவ்விருப்பு சுமார் 100 கிராம். இஃது இரவு முழுதும் உண்ணாதிருக்கும் நேரத்துக்குக் கைச்செலவுப் பணம் போன்றது.

நீண்டகாலக் களஞ்சியங்கள் வேறு. உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் உள்ளது. மிச்சமுள்ள சிறு பங்கு, இரத்தத்திலும் தசை முதலியவற்றிலும் இருந்து இருதயத் துடிப்பையும் நரம்பின் வேலையையும் நடத்துகிறது. இரத்தத்தில் அதன் அளவு குறைய உடல் இடங்கொடாது. உணவில் கிடைக்காவிடில் எலும்பைக் கரைத்தாவது அதனை நிரப்பும். ஆகவே இரத்தச் சோதனையில் சுண்ணாம்புச் சத்து சரியாக இருப்பினும் எலும்பு உள்ளுக்குள் நலிந்து கொண்டிருக்கலாம். எலும்பின் வலிமை சுமார் முப்பது வயதில் உச்சத்தை அடைந்து, பின் மெல்லக் குறைகிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு விரைவாகக் குறைகிறது. நம் மண்ணில் விளையும் கேழ்வரகு இதற்கு நல்ல துணை. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது.

இரும்புச் சத்தின் கணக்கும் இவ்வாறே. ஒருவர் உடலில் உள்ள இரும்பு முழுவதும் மூன்று அல்லது நான்கு கிராம். ஓர் ஆணி செய்யவே அது போதும். அதில் பெரும்பகுதி சிவப்பணுக்களில் உள்ளது. ஈரல், எலும்பு மச்சை முதலிய இடங்களில் இருப்பாக உள்ளது ஆண்களுக்கு ஒரு கிராம் வரையிலும், பெண்களுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு அளவிலுமே இருக்கும். மாதவிலக்கிலும் மகப்பேற்றிலும் இரும்பை இழக்கும் பெண்களுக்கு இருப்பும் குறைவு, செலவும் மிகுதி. முதலில் இருப்பு காலியாகும். அதன் பின்னரே இரத்தம் சோகையுறும். பாவு ஓடியும், நூல் சுற்றியும், களை எடுத்தும், அத்துடன் வீட்டு வேலையையும் செய்யும் பெண்களின் அசதியைச் சோம்பல் என்று எண்ணிவிடுதல் பெருந்தவறு. கீரை, கம்பு, பயறு இவற்றுடன் எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றைச் சேர்த்து உண்டால் இரும்பு நன்கு உடலில் சேரும். உணவோடு கூடவே தேநீரோ காப்பியோ அருந்தினால் அது குறையும். ஒரு மணி நேரம் கழித்து அருந்துவது நலம்.

உடலுக்கும் தணிக்கை வேண்டும்

இதுகாறும் கூறியவற்றால் ஒன்று தெளிவாகும். உடம்பு நன்றாக இருப்பதாக நாம் உணர்வது, அதன் இருப்பு நிறைந்திருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. சங்கத்துக்கு ஆண்டுத் தணிக்கை இருப்பது போல உடலுக்கும் ஒன்று வேண்டும்.

முப்பது வயதைக் கடந்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று சிலவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். இரத்த அழுத்தம் 140-க்கு 90 என்ற அளவை எட்டினாலும் கடந்தாலும் மருத்துவர் கவனிக்க வேண்டும். இரத்தத்தின் ஹீமோகுளோபின், 100 மில்லிலிட்டருக்கு, ஆண்களுக்கு 13 கிராமும் பெண்களுக்கு 12 கிராமும் கர்ப்பிணிகளுக்கு 11 கிராமும் குறையாதிருக்க வேண்டும். இவற்றோடு இரத்தச் சர்க்கரை, கிரியாட்டினின், சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் ஆகியவற்றையும் சோதிக்கலாம். சிறுநீரில் புரதம் கசிவது, கிரியாட்டினின் உயர்வதற்கு முன்னரே நட்டத்தைக் காட்டிக் கொடுக்கும் அடையாளமாகப் பலருக்கு அமைகிறது. தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் வீட்டுக்கே வந்து பார்க்கும் வழி செய்யப்பட்டது.

சோதனைக்கு இடையிலும் சில குறிகளைப் புறக்கணித்தல் ஆகாது. சிறுநீர் நுரைத்துப் போதல், இரவில் அடிக்கடி எழுந்து சிறுநீர் கழித்தல், கணுக்கால் வீங்குதல், விடுமுறைக்குப் பின் முதல் நாள் நெஞ்சு இறுகுதல், முன்பு எளிதாக ஏறிய வரப்பில் மூச்சு வாங்குதல், கீழிமையின் உட்புறமும் நாக்கும் வெளிறுதல் ஆகியவை பேரேட்டில் விழுந்த சிவப்பு மைக் குறிகள் போன்றவை. வெயில் வேலைக்குச் செல்பவர் தாகம் வரும் வரை காத்திராமல் அடிக்கடி நீரோ மோரோ பழையசோற்று நீரோ அருந்த வேண்டும். மருத்துவர் நீரையோ உப்பையோ குறைத்திருப்பவர்கள் மட்டும் அவர் சொற்படி நடக்க வேண்டும். தாமாகவே வலி மாத்திரை வாங்குவதை நிறுத்த வேண்டும்.

சங்கங்களும் இதில் உதவலாம். மகாசபைக் கூட்டத்துக்கு உறுப்பினர் யாவரும் வரும் நாளில், சுகாதார நிலையத்தாரை அழைத்து ஒரு மேசை போட்டு அமரச் செய்தால், அதே கூடத்தில் இரு தணிக்கைகளும் நடந்துவிடும். சங்கத்தின் காப்பு நிதி கரைந்தால், நல்ல ஆண்டுகள் வரும்போது மீண்டும் நிரப்பலாம். சிறுநீரகத்தில் இழந்த குழலையும் நுரையீரலில் இழந்த அறையையும் மீண்டும் நிரப்ப எந்த ஆண்டும் வராது. இருப்பதைக் காப்பதே நம்மால் ஆவது. அதுவும் இருக்கும்போதே செய்ய வேண்டுவது.